கோவாவின் புவியியலும் பொருளாதாரமும்

கோவா இந்தியாவின் மேற்குக் கரையில், கொங்கண் பகுதியில் அமைந்துள்ள ஒரு மாநிலமாகும். 3,702 சதுர கிலோமீட்டர் பரப்பளவு கொண்ட இது பரப்பளவின் அடிப்படையில் இந்திய மாநிலங்களுள் மிகச் சிறியதாகும். 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இதன் மக்கள்தொகை 14,58,545 ஆகும். கிழக்கே மேற்குத் தொடர்ச்சி மலையும் மேற்கே அரபிக் கடலும் இருக்க, இவ்விரண்டையும் மாண்டவி, சுவாரி ஆகிய ஆறுகள் இணைக்கின்றன. மாநிலத்தின் தனிநபர் வருமானம் நாட்டின் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுவது. வேளாண்மை, மீன்பிடித்தல், இரும்புத் தாது அகழ்வு, சுற்றுலா, துறைமுகம் என இம்மாநிலத்தின் தொழில்கள் அனைத்தும் ஒரே சிறு நிலப்பரப்பையும் அதே ஆறுகளையும் சார்ந்துள்ளன. இதனால் ஒரு தொழிலின் வளர்ச்சி மற்றொன்றின் இடத்தையோ நீரையோ பாதிப்பது கோவாவின் பொருளாதாரத்தில் தொடர்ந்து காணப்படும் இயல்பாகும்.

அமைவிடமும் எல்லைகளும்

கோவாவின் வடக்கே மகாராட்டிர மாநிலமும், கிழக்கிலும் தெற்கிலும் கர்நாடக மாநிலமும், மேற்கே அரபிக் கடலும் உள்ளன. வட எல்லையின் ஒரு பகுதியாகத் தேரேகோல் ஆறு அமைந்துள்ளது. மாநிலத்தின் வடக்குத் தெற்கு நீளம் ஏறத்தாழ 105 கிலோமீட்டரும், கிழக்கு மேற்கு அகலம் ஏறத்தாழ 65 கிலோமீட்டரும் ஆகும். கடற்கரையின் நீளமும் நெடுங்காலமாக 105 கிலோமீட்டர் அளவினதாகவே நூல்களில் குறிக்கப்பட்டு வந்துள்ளது. கழிமுகங்களையும் கரையின் வளைவுகளையும் நுணுக்கமாக அளந்தால் இந்நீளம் மேலும் கூடும்.

தலைநகரான பணஜி மாண்டவி ஆற்றின் தென்கரையில் உள்ளது. மட்காவ், வாஸ்கோ ட காமா, மாப்புசா, போண்டா ஆகியவை பிற முக்கிய நகரங்களாகும். மக்கள் கடலோரத்திலேயே செறிந்து வாழ்கின்றனர். சால்சேட், பார்தேஸ், திஸ்வாடி, மர்மகோவா ஆகிய நான்கு கடலோர வட்டங்களில் மட்டும் 2011 இல் மக்கள்தொகையின் ஐந்தில் மூன்று பங்கினர் வாழ்ந்தனர். கிழக்கிலுள்ள சத்தாரி, சங்கேம் போன்ற மலை வட்டங்கள் பரப்பில் பெரியனவாயினும் மக்கள் அடர்த்தி குறைந்தவை.

நிலத்தோற்றம்

நிலத்தோற்றத்தின் அடிப்படையில் கோவாவை மூன்று பகுதிகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது, கிழக்கில் உள்ள சகியாத்திரி மலைப்பகுதி. இது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். சத்தாரி வட்டத்தில் உள்ள சோன்சோகோர் மலை 1,166 மீட்டர் உயரத்துடன் மாநிலத்தின் மிக உயர்ந்த இடமாக விளங்குகிறது. புகழ்பெற்ற தூத்சாகர் அருவி கர்நாடக எல்லையை ஒட்டி இம்மலைச் சரிவில் அமைந்துள்ளது.

இரண்டாவது, நடுவில் உள்ள மேட்டுநிலங்கள். இவற்றின் மேற்பகுதி செம்புரைப் பாறையால் மூடப்பட்டுள்ளது. வெயிலிலும் மழையிலும் பாறை சிதைந்து, இரும்புச் சத்து எஞ்சிச் செறிவதால் உண்டாகும் இப்பாறை செந்நிறமும் துளைகளும் கொண்டது. மழைநீர் இத்துளைகள் வழியே உள்ளிறங்கி, மேட்டின் அடிவாரத்தில் ஊற்றுகளாக வெளிப்படுகிறது. கோவாவின் பல சிற்றூர்கள் இத்தகைய அடிவாரங்களில் அமைந்திருப்பதற்கு இதுவே காரணம். இம்மேட்டுநிலங்களின் கீழே, வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் செல்லும் பழமையான பாறைப் பட்டையில், இரும்புத் தாதுவும் ஓரளவு மாங்கனீசுத் தாதுவும் காணப்படுகின்றன.

மூன்றாவது, கடலோரச் சமவெளி. மணற்கரைகள், பாறை முனைகள், கழிமுகங்கள், அலையாத்திக் காடுகள், நெல்வயல்கள் ஆகியன இப்பகுதியில் மாறிமாறி வருகின்றன. இதன் தாழ்ந்த பகுதிகள் உயர் ஓதத்தின் மட்டத்துக்கும் கீழே உள்ளன.

ஆறுகளும் கழிமுகங்களும்

தேரேகோல், சாப்போரா, மாண்டவி, சுவாரி, சால், தல்போணா, கல்ஜிபாக் ஆகியவை கோவாவின் முக்கிய ஆறுகள். இவை அனைத்தும் மேற்கு நோக்கிப் பாய்ந்து அரபிக் கடலில் கலக்கின்றன. மாண்டவி, சுவாரி ஆகிய இரண்டின் வடிநிலங்கள் மட்டும் மாநிலப் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கை அடக்கியுள்ளன. மாண்டவி கர்நாடகத்தின் பெலகாவி மாவட்டத்தில் தோன்றுகிறது. மலைப்பகுதியில் இவ்வாறு மகதாயி என்ற பெயரால் அழைக்கப்படுகிறது. இவ்விரு ஆறுகளையும் கும்பார்ஜுவா கால்வாய் இணைக்கிறது. பணஜி அமைந்துள்ள திஸ்வாடி வட்டம் இவ்வாறு நாற்புறமும் நீரால் சூழப்பட்ட தீவாக உள்ளது.

இவ்வாறுகளின் நடத்தை பருவத்திற்கேற்ப முற்றிலும் மாறுபடுகிறது. மழைக்காலத்தில் மலையிலிருந்து பெருகிவரும் நன்னீர், கடல்நீரைக் கழிமுகத்தை நோக்கித் தள்ளுகிறது. கோடையில் நீர்வரத்து மிகவும் குறைந்துவிடும். அப்போது ஓதத்துடன் கடல்நீர் பல கிலோமீட்டர் தொலைவு உள்நாட்டுக்குள் ஏறுகிறது. உப்புநீர் எந்த இடம் வரை ஏறும் என்பதை மலையிலிருந்து வரும் நன்னீரின் அளவே தீர்மானிக்கிறது. கீழே விவரிக்கப்படும் வேளாண் முறை, மீன்வளம், குடிநீர், மகதாயி நீர்ப் பிணக்கு ஆகியவற்றைப் புரிந்துகொள்ள இந்த அடிப்படை இன்றியமையாததாகும்.

தட்பவெப்பநிலை

கோவாவில் ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த வெப்பமண்டலக் காலநிலை நிலவுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று பொதுவாக சூன் மாதத் தொடக்கத்தில் வந்தடைகிறது. கடலோரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மலையை நெருங்குந்தோறும் மழையளவு கூடுகிறது. மழையில் பத்தில் ஒன்பது பங்கு சூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களிலேயே பெய்துவிடுகிறது. எனவே மழை மிகுந்த மாநிலமாயினும், எஞ்சிய எட்டு மாதங்களுக்கான நீரைத் தேக்கிவைப்பது இங்கு முக்கியச் சிக்கலாக உள்ளது.

இதற்காகக் கட்டப்பட்டவற்றுள் பெரியது சங்கேம் வட்டத்தில் உள்ள செலாவ்லி அணையாகும். தென் கோவாவின் குடிநீருக்கு இது முதன்மையான ஆதாரமாக உள்ளது. இவ்வணையின் நீர்த்தேக்கத்துக்காகக் குர்டி என்னும் ஊர் உட்பட சில ஊர்கள் கைவிடப்பட்டன. குர்டி புகழ்பெற்ற இந்துத்தானி இசைப் பாடகி மோகுபாய் குர்டிகரின் சொந்த ஊராகும். கோடையின் இறுதியில் நீர்மட்டம் தாழும்போது இவ்வூரின் வீட்டு அடித்தளங்களும் கோயிலும் வெளித்தெரிகின்றன. அப்போது முன்னாள் குடியிருப்பாளர்கள் அங்கு கூடி வழிபாடு நடத்துவது வழக்கமாக உள்ளது.

காடுகள்

இந்திய வன அளவாய்வுத் துறையின் கணக்கின்படி மாநிலப் பரப்பில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு மரப்போர்வை உடையது. எனினும் செயற்கைக்கோள் படங்களை அடிப்படையாகக் கொண்ட இக்கணக்கில் தென்னை, முந்திரித் தோப்புகளும் அடங்கும் என்பது குறிப்பிடத்தக்கது. இயற்கைக் காடுகள் பெரும்பாலும் கிழக்கு எல்லையில் உள்ளன. மகதாயி, பகவான் மகாவீர், நேத்ராவலி, கொட்டிகாவ் ஆகிய காட்டுயிர் புகலிடங்கள் வடக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழத் தொடர்ச்சியாக அமைந்துள்ளன. மாண்டவி ஆற்றிலுள்ள சோராவ் தீவின் அலையாத்திக் காட்டில் சலீம் அலி பறவைகள் புகலிடம் உள்ளது.

மகதாயி முதலிய பகுதிகளைப் புலிகள் காப்பகமாக அறிவிக்க வேண்டும் என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு 2023 சூலையில் உத்தரவிட்டது. இதை எதிர்த்து மாநில அரசு உச்ச நீதிமன்றத்தை அணுகியது.

கசான் நிலங்கள்

ஆற்றோரச் சதுப்புகளைக் கரை கட்டி மீட்டு உருவாக்கப்பட்ட தாழ்ந்த நிலங்கள் கசான் எனப்படுகின்றன. போர்த்துக்கீசர் வருகைக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இம்முறை வழக்கில் இருந்தது. மாநிலத்தில் ஏறத்தாழ 18,000 எக்டேர் கசான் நிலம் இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது.

கசானின் அமைப்பு எளியது. ஆற்றை ஒட்டி மண், வைக்கோல், செம்புரைக்கல் ஆகியவற்றால் கரை எழுப்பப்படுகிறது. கரையின் வெளிப்புறத்தில் வளரும் அலையாத்தி மரங்கள் அலையின் வேகத்தைத் தணிக்கின்றன. கரையில் மானஸ் எனப்படும் மதகு பொருத்தப்படுகிறது. இதன் மரக் கதவுகள், வெளியே நீர் உயரும்போது அழுத்தத்தால் தாமாகவே மூடிக்கொள்ளும். ஓதம் தாழும்போது உள்ளிருக்கும் நீர் அவற்றைத் தள்ளித் திறந்து வெளியேறும். மதகுக்கு உட்புறத்தில் உள்ள தாழ்ந்த குளம் பொயிம் எனப்படும். இது மிகுதி நீரைத் தாங்கிக்கொள்வதுடன் மீன்களுக்கும் இடமளிக்கிறது.

மழைக்காலத்தில் நன்னீர் உப்பைக் கழுவிச் செல்வதால் வயலில் நெல் பயிரிடப்படுகிறது. ஓரளவு உவர்ப்பைத் தாங்கும் கொர்குட் என்னும் நெல் வகை இந்நிலங்களுக்கு உரியதாகும். அறுவடைக்குப் பின்னர் மதகு வழியே மீனும் இறாலும் பிடிக்கப்படுகின்றன. சில இடங்களில் உப்பளங்களும் உள்ளன. இவ்வாறு ஒரே நிலம் ஓராண்டில் நெல், மீன், உப்பு ஆகியவற்றைத் தருகிறது.

இந்நிலங்களைக் காவும்காரி எனப்பட்ட ஊர்க் குழுமங்கள் பொதுச் சொத்தாக நிர்வகித்தன. போர்த்துக்கீசர் ஆட்சியில் இவை கொமுனிடாத் என்ற பெயரில் சட்டத்துக்கு உட்படுத்தப்பட்டன. மதகில் மீன்பிடிக்கும் உரிமை ஏலம் விடப்பட்டது. இக்குழுமங்களே கரைகளின் பராமரிப்பையும் மேற்பார்வையிட்டன. 1964 ஆம் ஆண்டின் வேளாண் குத்தகைச் சட்டமும், உழுபவருக்கே நிலம் வழங்கிய 1976 ஆம் ஆண்டின் ஐந்தாவது திருத்தமும் குத்தகையாளருக்குப் பாதுகாப்பு அளித்தன. அதே வேளையில் கரைகளைப் பேணும் பொறுப்பு குத்தகையாளர் சங்கங்களுக்கு மாறியது. வயலைவிட மதகு மீன் அதிக வருவாய் தரத் தொடங்கியபோது, பல இடங்களில் உப்புநீர் வேண்டுமென்றே உள்ளே விடப்பட்டது. ஒருமுறை கரை உடைந்தால் பக்கத்து வயல்களும் சேர்ந்தே உவர்நிலமாகின்றன. எனவே தனி உழவர் ஒருவரால் மட்டும் கசானைக் காப்பாற்ற இயலாது. 2011 ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை கசான் நிலங்களுக்குத் தனிப் பாதுகாப்பு விதிகளை வகுத்தது.

பொருளாதார வரலாறு

1510 ஆம் ஆண்டில் அபோன்சோ டி அல்புகெர்க்கே கோவாவைக் கைப்பற்றினார். திஸ்வாடி, பார்தேஸ், சால்சேட் ஆகிய கடலோரப் பகுதிகள் பதினாறாம் நூற்றாண்டிலேயே போர்த்துக்கீசர் வசமாயின. மலையோரப் பகுதிகள் பதினெட்டாம் நூற்றாண்டில்தான் சேர்க்கப்பட்டன. இவை முறையே பழைய வெற்றிப் பகுதிகள், புதிய வெற்றிப் பகுதிகள் என அழைக்கப்பட்டன. கடலோரத்துக்கும் மலையோரத்துக்கும் இடையே சமயம், கல்வி, நில உரிமை ஆகியவற்றில் காணப்படும் வேறுபாடுகளுக்கு இப்பிரிவினை ஒரு காரணமாகும்.

கடல் வணிகத்தால் செழித்த பழைய கோவா நகரம், கொள்ளைநோய்களாலும் வணிகப் போட்டியாலும் நலிவடைந்து கைவிடப்பட்டது. இந்தியா விடுதலை பெற்ற பின்னரும் போர்த்துக்கல் கோவாவை விட்டு வெளியேற மறுத்தது. 1950களின் நடுப்பகுதியில் இந்திய அரசு பொருளாதாரத் தடை விதித்தது. அக்காலத்தில் இறக்குமதிக்குத் தேவையான அயல்நாட்டுச் செலாவணியை இரும்புத் தாது ஏற்றுமதியே பெருமளவில் ஈட்டித் தந்தது. 1961 திசம்பர் 19 அன்று கோவா இந்தியாவுடன் இணைந்தது. தாமன், தியூ பகுதிகளுடன் சேர்ந்து ஒன்றிய ஆட்சிப்பகுதியாக இருந்த கோவா, 1987 மே 30 அன்று இந்தியாவின் 25 ஆவது மாநிலமாயிற்று.

வேளாண்மை

நெல் முக்கிய உணவுப் பயிராகும். தென்னை, முந்திரி, பாக்கு, மா, பலா ஆகியவையும் பயிரிடப்படுகின்றன. முந்திரி மரத்தைப் பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசர் கொண்டுவந்தனர். வேறு பயிர் விளையாத மேட்டுச் சரிவுகளிலும் அது வளர்ந்தது. முந்திரிப் பழச் சாற்றை நொதிக்கவைத்து முதலில் வடிப்பது உர்ராக் எனவும், மீண்டும் வடிப்பது ஃபெனி எனவும் அழைக்கப்படுகின்றன. முந்திரி ஃபெனி 2009 இல் புவியியல் குறியீட்டைப் பெற்றது.

மாநில வருவாயில் வேளாண்மையின் பங்கு மிகக் குறைவு. காய்கறி, பால் போன்றவற்றுக்குக் கோவா பெருமளவு அண்டை மாநிலங்களை, குறிப்பாகப் பெலகாவிப் பகுதியைச் சார்ந்துள்ளது. மலைவழிச் சாலையில் நிலச்சரிவு ஏற்பட்டால் கோவாச் சந்தையில் காய்கறி விலை உயர்வது இதன் விளைவாகும்.

மீன்பிடித்தல்

மீனும் சோறும் கோவா மக்களின் அன்றாட உணவாகும். கானாங்கெளுத்தி, மத்தி, இறால் ஆகியவை பெருமளவில் பிடிக்கப்படுகின்றன. மரபு வழி மீனவர்கள் ராம்போண் எனப்படும் பெரிய கரைவலையைப் பயன்படுத்தினர். பலர் கூடி இழுக்க வேண்டிய இவ்வலையைக் கையாண்டவர்கள் ராம்போண்கார் எனப்பட்டனர்.

1960களில் அரசு உதவியுடன் இழுவைப்படகுகள் அறிமுகமாயின. இவை கரைக்கு அருகிலேயே மீன்பிடித்ததால் கரைவலையில் விழும் மீன் குறைந்தது. 1970களின் பிற்பகுதியில் ராம்போண்காரர்கள் பெரும் போராட்டங்களை நடத்தினர். இதன் பயனாக 1980 ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டு, கரையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் வரையிலான கடற்பகுதி மரபுவழி மீனவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. இது கோவாவைத் தாண்டியும் இந்திய மீனவர் இயக்கங்களுக்கு முன்மாதிரியாக அமைந்தது. சூன் 1 முதல் சூலை 31 வரை 61 நாட்கள் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை விதிக்கப்படுகிறது.

இரும்புத் தாது அகழ்வு

கோவாவின் தாது இரும்புச் செறிவு குறைந்த வகையைச் சேர்ந்தது. ஆயினும் சுரங்கங்கள் ஆறுகளுக்கு அருகில் இருந்தமையால் ஏற்றுமதி இலாபகரமாக இருந்தது. லாரிகளில் ஆற்றங்கரைக்குக் கொண்டுவரப்பட்ட தாது, பாரப்படகுகளில் மாண்டவி, சுவாரி வழியாக மர்மகோவாத் துறைமுகத்தை அடைந்தது. முதலில் சப்பானும் பின்னர் சீனாவும் முக்கியக் கொள்வனவாளர்களாக இருந்தன. சீனாவின் தேவை பெருகியதால் 2010–11 ஆம் ஆண்டில் கோவா வழி ஏற்றுமதி ஏறத்தாழ ஐந்து கோடி டன்னை எட்டியது.

ஒரு டன் தாது எடுக்க இரண்டு முதல் மூன்று டன் வரை மேல்மண்ணை அகற்ற வேண்டியிருந்தது. குவித்துவைக்கப்பட்ட இம்மண் மழையில் கரைந்து ஓடைகளிலும் வயல்களிலும் படிந்தது. அகழ்குழிகள் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே சென்றதால், நீர் இடைவிடாது இறைத்து வெளியேற்றப்பட்டது. இதனால் பல ஊர்களில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. மற்றொரு புறம் லாரி உரிமையாளர்கள், ஓட்டுநர்கள், படகுத் தொழிலாளர்கள், பழுதுபார்ப்போர் எனப் பல்லாயிரம் குடும்பங்கள் இத்தொழிலைச் சார்ந்து வாழ்ந்தன. ஒரே ஊரில் கிணற்றை இழந்தவரும் லாரி வாங்கக் கடன் பெற்றவரும் வாழ்ந்ததால், இதைப் பற்றிய கருத்து வேறுபாடு ஊர்களுக்குள்ளேயே நிலவியது.

சட்டமீறல்கள் குறித்து நீதிபதி எம். பி. ஷா ஆணையத்தின் அறிக்கை 2012 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதே மாதம் மாநில அரசும், அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் சுரங்கப் பணிகளை நிறுத்தின. குத்தகைகள் அனைத்தும் 2007 நவம்பரிலேயே காலாவதியாகிவிட்டன என்று 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆண்டு அகழ்வுக்கு இரண்டு கோடி டன் வரம்பு விதித்ததுடன், விற்பனைத் தொகையில் பத்து விழுக்காட்டை வருங்காலத் தலைமுறைக்கான நிரந்தர நிதியில் சேர்க்கவும் ஆணையிட்டது. அதன் பின் மாநில அரசு 88 குத்தகைகளைப் புதுப்பித்தது. 2018 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவற்றை நீக்கியதால் அகழ்வு மீண்டும் நின்றது. 2022 இறுதியில் சுரங்கத் தொகுதிகளின் ஏலம் தொடங்கியது. 2024 இல் ஏலத்தில் விடப்பட்ட தொகுதியில் அகழ்வு மீண்டும் தொடங்கியது.

சுற்றுலா

1960களின் பிற்பகுதியில் மேலைநாட்டு இப்பிகள் கலங்குட், அஞ்சுணா கடற்கரைகளுக்கு வரத் தொடங்கினர். 1980களின் நடுப்பகுதியில் ஐரோப்பாவிலிருந்து தனி வாடகை விமானங்கள் வந்தன. பழைய கோவாவின் தேவாலயங்களும் மடங்களும் 1986 இல் யுனெசுகோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன. பாம் இயேசு பேராலயத்தில் புனித பிரான்சிசு சவேரியாரின் உடல் வைக்கப்பட்டுள்ளது. 2004 முதல் இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழா கோவாவில் நடைபெற்று வருகிறது.

மாநில அரசின் கணக்கின்படி 2019 இல் ஏறத்தாழ 80 இலட்சம் பயணிகள் வந்தனர். 2024 இல் இவ்வெண்ணிக்கை ஒரு கோடியைக் கடந்தது. இவர்களுள் மிகப் பெரும்பான்மையினர் உள்நாட்டினர். ஆண்டுக்கு வருவோர் எண்ணிக்கை மாநில மக்கள்தொகையைப் போல் பல மடங்காக இருப்பதால், குடிநீர், கழிவுநீர், குப்பை ஆகியவற்றுக்கான ஏற்பாடுகள் மீது பெரும் சுமை விழுகிறது. பயணிகள் மிகுதியாக வரும் திசம்பர் முதல் மே வரையிலான காலமே ஆறுகளில் நன்னீர் குறைந்துவரும் காலமாகவும் உள்ளது.

2018 இல் சுரங்கம் நின்றபின் மாநிலம் சுற்றுலாவையே பெரிதும் நம்பியிருந்தது. 2020 இல் கொரோனாப் பெருந்தொற்றால் அதுவும் நின்றது. இரண்டு ஆண்டுகளுக்குள் இரண்டு முதன்மைத் தொழில்களும் முடங்கியமை, ஒரு சில தொழில்களை மட்டும் சார்ந்திருப்பதன் இடரை வெளிப்படுத்தியது.

துறைமுகம், போக்குவரத்து, தொழிற்சாலைகள்

சுவாரிக் கழிமுகத்தில் உள்ள மர்மகோவா ஓர் இயற்கைத் துறைமுகமாகும். இது 1960களில் இந்தியாவின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. இங்கிருந்து மலையைக் கடந்து உள்நாட்டுக்குச் செல்லும் தொடர்வண்டிப் பாதை 1880களில் அமைக்கப்பட்டது. அப்பாதை தூத்சாகர் அருவியை ஒட்டிச் செல்கிறது. தாது ஏற்றுமதி குறைந்தபின் இறக்குமதியாகும் நிலக்கரி துறைமுகத்தின் முக்கியச் சரக்காயிற்று. அது கர்நாடகத்தின் உருக்காலைகளுக்கு எடுத்துச் செல்லப்படுகிறது. நிலக்கரித் தூசி குறித்து வாஸ்கோ பகுதி மக்கள் நெடுங்காலமாக எதிர்ப்புத் தெரிவித்து வந்துள்ளனர்.

இப்பாதையை இரட்டிப்பது, நெடுஞ்சாலையை விரிவாக்குவது, உயரழுத்த மின்தடம் அமைப்பது ஆகிய மூன்று திட்டங்கள் மொல்லெம் காட்டைக் கடந்து செல்வதாக இருந்தமையால் 2020 இல் பெரும் எதிர்ப்பு எழுந்தது. பாதை இரட்டிப்புக்குத் தேசியக் காட்டுயிர் வாரியத்தின் நிலைக்குழு அளித்த ஒப்புதலை 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நீக்கியது.

1998 இல் முழுமையடைந்த கொங்கண் தொடர்வண்டிப் பாதை கோவாவை மும்பையுடனும் மங்களூருடனும் இணைத்தது. தபோலிம் விமான நிலையம் கடற்படைத் தளத்துடன் இணைந்து இயங்குகிறது. வடக்கே மோப்பாவில் இரண்டாவது விமான நிலையம் 2022 திசம்பரில் திறந்துவைக்கப்பட்டு, 2023 சனவரியில் செயல்படத் தொடங்கியது. மருந்து உற்பத்தி, கப்பல் கட்டுதல் ஆகியவை குறிப்பிடத்தக்க தொழில்களாகும். வெர்ணா தொழிற்பேட்டை இவற்றுள் பலவற்றுக்கு இடமளிக்கிறது.

புலம்பெயர்வு

நிலம் சிறிதாகவும் வேலைவாய்ப்பு குறைவாகவும் இருந்தமையால், போர்த்துக்கீசர் காலத்திலேயே கோவா மக்கள் மும்பை, கிழக்கு ஆப்பிரிக்கா முதலிய இடங்களுக்குச் சென்றனர். மும்பையில் ஒவ்வோர் ஊராருக்கும் குட் எனப்பட்ட தங்கும் விடுதிகள் இருந்தன. கப்பல் பணியாளர்கள் பலர் அங்கு தங்கிக் கப்பலுக்காகக் காத்திருந்தனர். பின்னர் வளைகுடா நாடுகள் முக்கிய இலக்காயின. 1961 இறுதிக்கு முன் கோவாவில் பிறந்தவர்களும் அவர்களின் வழித்தோன்றல்களும் போர்த்துக்கீசக் குடியுரிமை கோர இயலும் என்பதால், பலர் அதன்வழி ஐரோப்பாவுக்குச் சென்றுள்ளனர். அதே வேளையில் கட்டுமானம், விடுதி, மீன்பிடித்தல் ஆகியவற்றில் வேலை செய்ய பிற மாநிலத்தவர் பெருமளவில் கோவாவுக்கு வருகின்றனர்.

மகதாயி நீர்ப் பிணக்கு

மகதாயியின் துணையோடைகளான களசா, பண்டூரி ஆகியவற்றின் நீரை மலப்பிரபா வடிநிலத்துக்குத் திருப்பி, ஊப்ளி, தார்வாடு முதலிய இடங்களுக்குக் குடிநீர் வழங்கக் கர்நாடகம் திட்டமிட்டது. கோவா இதை எதிர்த்தது. 2010 இல் அமைக்கப்பட்ட தீர்ப்பாயம் 2018 ஆகத்தில் தனது தீர்ப்பை வழங்கியது. அதன்படி கோவாவுக்கு 24 டி.எம்.சி., கர்நாடகத்துக்கு 13.42 டி.எம்.சி., மகாராட்டிரத்துக்கு 1.33 டி.எம்.சி. நீர் ஒதுக்கப்பட்டது. கர்நாடகத்தின் பங்கில் பெரும்பகுதி, வடிநிலத்துக்கு உள்ளேயே நீர்மின் உற்பத்திக்குப் பயன்படுத்துவதற்காகும். மூன்று மாநிலங்களும் இத்தீர்ப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தை நாடின.

கர்நாடகத்தின் தரப்பில், வறண்ட பகுதியிலுள்ள நகரங்களின் குடிநீர்த் தேவை முன்வைக்கப்படுகிறது. ஆற்றில் ஓடும் நீர் பயனின்றிக் கடலில் கலப்பதாகவும் வாதிடப்படுகிறது. கோவாவைப் பொறுத்தவரை, கடலை நோக்கி ஓடும் அந்நீரே கழிமுகத்தில் உப்பை எதிர்த்து நிற்பதாகும். அது குறையும் அளவுக்கு உப்புநீர் மேலே ஏறும் என்பதும், காட்டுயிர் புகலிடங்கள், குடிநீர் எடுக்கும் இடங்கள், கசான் வயல்கள், கழிமுக மீன்வளம் ஆகியவை பாதிக்கப்படும் என்பதும் கோவாவின் வாதமாகும்.

நிலப் பயன்பாடு

மேட்டுநிலங்களும் வயல்களும் வீட்டுமனைகளாகவும் விடுதிகளாகவும் மாறுவது இம்மாநிலத்தில் தொடர்ந்து அரசியல் சிக்கலாக உள்ளது. பெருமளவு நிலத்தைக் குடியிருப்புக்குத் திறந்துவிட்ட 2011 வட்டாரத் திட்டம், பொதுமக்கள் எதிர்ப்பால் 2007 இல் திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் சிறப்புப் பொருளாதார மண்டலங்களைக் கைவிடுவதாகவும் மாநில அரசு அறிவித்தது.

மேட்டின் மீது எழும் கட்டடங்கள் மழைநீர் உள்ளிறங்குவதைத் தடுத்து அடிவார ஊற்றுகளைக் குறைக்கின்றன. வயல்களை மண்ணிட்டு மூடுவதால், மழைக்காலத்தில் வெள்ளத்தைத் தாங்கும் இடமும் குறைகிறது. கடல்மட்ட உயர்வு முதலில் பாதிக்கக்கூடியவை தாழ்ந்த கடலோர நிலங்களும் கசான்களும் ஆகும். பணஜி நகரின் சில பகுதிகளும் இத்தகைய மீட்கப்பட்ட நிலத்திலேயே அமைந்துள்ளன. எனவே வயலுக்காகக் கட்டப்பட்ட மண்கரைகளும் மதகுகளும் இன்று வீடுகளுக்கும் சாலைகளுக்கும் கூடக் காப்பாக உள்ளன. அவற்றின் பின்னே பயிரிடுவோர் குறைந்துவரும் நிலையில், அக்கரைகளை யார் பேணுவது என்பது உழவரின் சிக்கலாக மட்டுமன்றிக் கடலோரத்தில் வாழ்வோர் அனைவரின் சிக்கலாகவும் ஆகியுள்ளது.